ஒரு ஷாட் ஊர் சுற்றிய கதை

கேமரா தந்தது ஒன்றரை நிமிட ரஷ். கையில் ஒரு கைபேசி, அதன் திரையில் வெறும் பச்சை. சாலிகிராமத்து எடிட்டர் ஒருவர் அதில் 4 விநாடியை வெட்டி டைம்லைனில் வைக்கிறார். நம் ஷாட்டின் பிறப்பு அதுதான். பச்சை இருக்குமிடத்தில் நாயகிக்கு வந்த குறுஞ்செய்தி தோன்ற வேண்டும். அது மோஷன் கிராஃபிக்ஸ்காரரின் வேலை. அவர் இருப்பது வேறு கட்டடம், வேறு மென்பொருள்.

24 ஃப்ரேம் கணக்கில் 4 விநாடி 96 ஃப்ரேம். அதை மட்டும் அனுப்ப மாட்டார்கள். நாளைக்கே இயக்குநர் வெட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாம். அதற்காக முன்னும் பின்னும் 8 ஃப்ரேம் ‘ஹேண்டில்’ சேர்க்க, மொத்தம் 112 ஆகிறது. ஃப்ரேம் எண் 1001-இல் தொடங்குவது தொழில் வழக்கம். முன்பக்கம் இன்னும் நீட்ட நேர்ந்தாலும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆக, படத்தில் தெரியும் முதல் ஃப்ரேம் 1009, கடைசி 1104.

முன்பெல்லாம் ஷாட்டோடு துணைக்குப் போனது இ.டி.எல். என்ற உரைக்கோப்பு. டேப் காலத்து சி.எம்.எக்ஸ். 3600 கருவியின் வடிவம் அது. எந்த ரீல், எங்கிருந்து எங்கே என்பதற்கு மேல் அதிகம் சொல்லத் தெரியாது. எடிட்டர் படத்தை 120 சதவீதம் பெரிதாக்கியிருந்தால் அந்தச் சேதி அதில் ஏறாது. பின்னால் வந்த எக்ஸ்.எம்.எல். அதைச் சுமந்தது, வேகத்தை ஏற்றி இறக்கிய இடங்களில் அதுவும் தடுமாறும்.

எடிட்டிங் மென்பொருளான அடோபி ப்ரீமியர் வந்தது 1991-இல். மோஷன் கிராஃபிக்ஸுக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-இல் வேறொரு நிறுவனத்தில் பிறந்து, மறு ஆண்டே அடோபி வீட்டு மருமகளானது. ஆனாலும் ரெண்டர் செய்யாமலே ஒன்றின் மாற்றம் மற்றொன்றில் தெரியும் டைனமிக் லிங்க் வர 2006 ஆயிற்று. ஒரே கணினியில் இரண்டு வேலையும் பார்ப்பவருக்கு அது வரம். கட்டடம் தாண்டும் ஷாட்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

நம் ஷாட் போனது இ.எக்ஸ்.ஆர். படங்களாக, ஃப்ரேமுக்கு ஒரு கோப்பு. சிக்கலும் அங்கேதான் காத்திருந்தது. தனிப் படங்களின் வரிசையை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் யாரையும் கேட்காமல் விநாடிக்கு 30 என்று எடுத்துக்கொள்ளும். மாற்ற வேண்டியது நாம்தான். மறந்தால் 112 ஃப்ரேமின் 4.67 விநாடி 3.73 ஆகச் சுருங்கும். கைபேசியைத் தடவும் கட்டைவிரல் கொசு விரட்டுவதுபோல் துடிக்கும்.

திரும்பி வரும்போதும் அதே 112, அதே எண்கள், அதே நிறம். கிராஃபிக்ஸ்காரர் ஆசைப்பட்டு நிறத்தை அழகாக்கி அனுப்பினால், நிறம் சீராக்கும் டி.ஐ. கட்டத்தில் பக்கத்து ஷாட்டோடு அது ஒட்டவே ஒட்டாது.

எடிட்டர்களே, அனுப்பும் ஒவ்வொரு ஷாட்டோடும், ஃப்ரேம் எண் பதித்த சின்ன ரெஃபரன்ஸ் வீடியோ ஒன்றையும் வையுங்கள். நள்ளிரவு தொலைபேசி அழைப்புகள் பாதி குறையும்.