அதெல்லாம் ஒரு மருந்தா?

கர்ப்பிணி தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள் என்றால், அவளுடைய அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு எளிது. அந்த அறியாமை எங்கே தயாராகிறது என்பதற்கு மேற்கு ஜெர்மனியில் நடந்தது ஒரு சாட்சி.

1957 அக்டோபரில் கிருனென்தால் நிறுவனம் தாலிடோமைடு மருந்தை ‘கான்டர்கான்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான மாத்திரை. மருத்துவரின் சீட்டு தேவையில்லை. அன்றைய தூக்கமாத்திரைகள் அளவு மீறினால் உயிரைக் குடித்தன. இதுவோ நஞ்சற்றது என்று விளம்பரம் செய்தார்கள். தூக்கம் வராதவர்களும் மசக்கையில் தவித்தவர்களும் சாப்பிட்டார்கள். மருத்துவர்களும் எழுதிக்கொடுத்தார்கள். சீட்டோடு போனவளுக்கும் சீட்டில்லாமல் போனவளுக்கும் கிடைத்தது ஒரே மாத்திரை, ஒரே உறுதிமொழி. இத்தனைக்கும் மருந்து கடைக்கு வருமுன்பே, 1956 கிறிஸ்துமஸ் அன்று, அந்நிறுவன ஊழியர் ஒருவரின் மனைவிக்குக் காதுகள் இல்லாத குழந்தை பிறந்திருந்தது. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கணவர்தான்.

இம்மருந்து கருவைச் சிதைக்கும் காலம் மிகக் குறுகியது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரை. ‘நாள் தள்ளிப்போயிருக்கிறதோ’ என்று ஒருத்தி சந்தேகப்படத் தொடங்கும் நாட்கள் அவை. அப்போது ஒரே ஒரு மாத்திரை போதும்.

1961இல் ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் வினாப்படிவம் கொடுத்து விசாரித்தார். ஐந்தில் ஒருவர்தான் கான்டர்கானைக் குறிப்பிட்டிருந்தார். பெயரைச் சொல்லி நேரில் கேட்டபோது ஏறக்குறைய பாதிப்பேர் ஆமாம் என்றார்கள். எழுதிவைக்கும் அளவுக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்றார்கள் பலர். இதை நான் மறதியாக எடுத்துக்கொள்ளவில்லை. விளம்பரம் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நவம்பர் இறுதியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். 1968இல் தொடங்கிய வழக்கு, 10 கோடி மார்க் இழப்பீட்டு உடன்பாட்டுக்குப் பின், 1970இல் யாருக்கும் தண்டனையின்றி முடிந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல். 1960இல் 25 வயதில் கருவுற்றிருந்த ஒரு தாய்க்கு அப்போது 77 வயது.