ஷிப்ட் எஃப்1: கிளிப்பர் கையேட்டின் கதை

இன்னிக்கு ஒரு ஃபங்ஷனோட பேர் மறந்துபோச்சுன்னா என்ன பண்றோம்? நெட்டில் தேடுவோம். டாஸ் காலத்தில் அதுக்கு வழி இல்லை. மேசையில் தடிதடியா புத்தகம் இருக்கும், புரட்டணும், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தைக் கணினிக்குள்ளேயே உட்காரவைத்த ஒரு சின்ன நிரல் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கிளிப்பர் தெரியாதவங்களுக்காக. 1980களில் டேட்டாபேஸ் என்றால் ஆஷ்டன் டேட் நிறுவனத்தின் டிபேஸ்தான். அதில் எழுதின நிரல் ஓடணும்னா ஓட்டுகிற ஒவ்வொரு கணினியிலும் டிபேஸ் இருக்கணும். 1985-ல் நான்டக்கெட் நிறுவனம் கிளிப்பரைக் கொண்டுவந்தது. அதே டிபேஸ் மொழியில் எழுதலாம், கம்பைல் செய்தால் தனியா ஓடக்கூடிய எக்ஸி கோப்பு கிடைக்கும். கடைக்காரருக்கு ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்துட்டு வந்துடலாம்!

அதே 1985-ல் பீட்டர் நார்டன் கம்ப்யூட்டிங், நார்டன் கைட்ஸ் என்ற நிரலை வெளியிட்டது. எழுதியவர் வாரன் வுட்ஃபோர்ட். அசெம்பிளி, சி, பேசிக் மொழிகளுக்கான உதவிக் குறிப்புகள் அதில் இருந்தன. பின்னாடி கிளிப்பர் 5 வந்தபோது, அதன் கையேடும் இதே வடிவில் கூடவே வந்தது.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. கிளிப்பர்5 டைரக்டரிக்குள்ளே என்ஜி என்று ஒரு உள் டைரக்டரி. ஆட்டோஎக்செக் கோப்பில் பாத் வரியில் அதையும் சேர்த்துக்கணும். பிறகு எடிட்டரைத் திறக்கும் முன்னாடி என்ஜி என்று அடித்தால், அது நினைவகத்தில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துக்கும். நிரல் எழுதும்போது ஷிப்ட்டோடு எஃப்1-ஐ அழுத்தினால் பாதித் திரையில் கையேடு திறக்கும். ஆட்டோ லுக்கப்பை இயக்கி வைத்திருந்தால், கர்சர் நிற்கிற சொல்லைத் திரையிலிருந்தே படித்து, அதுக்கான பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். எந்த எடிட்டராக இருந்தாலும் சரி. இப்போதைய எடிட்டர்களில் எஃப்1 செய்கிற வேலையேதான்.

தொல்லை எங்கேன்னா, டாஸுக்கு மொத்தம் 640 கேபி. அதில் டாஸ், மவுஸ் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் எல்லாம் பங்கு கேட்கும். கிளிப்பர் 5 நிரல்களோ நினைவகப் பசி உள்ளவை. நிரல் எழுத உதவுகிற கையேடே, அந்த நிரல் ஓட இடமில்லாமல் செய்துடும்! அதனால் என்ஜியின் மெனுவிலேயே அன்இன்ஸ்டால் வைத்திருந்தாங்க. இன்னொரு வழி, என்ஜிக்குப் பின்னால் எடிட்டரின் பேரையும் சேர்த்து அடிப்பது. எடிட்டரை மூடினதும் கையேடும் இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடும். 1991-ல் டாஸ் 5 வந்து, சின்ன டிரைவர்களை மேல் நினைவகத்துக்கு ஏற்ற முடிந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் முக்கியமான இடம் இனிமேல்தான். கையேடு வேறு, அதைக் காட்டுகிற நிரல் வேறு. சாதாரண உரைக் கோப்பில் சில குறிகள் போட்டு எழுதி, கூட வந்த கருவிகளில் கம்பைல் செய்தால் யார் வேண்டுமானாலும் புதுக் கையேடு செய்யலாம். கம்ப்யூசர்வில் கூடிய கிளிப்பர் நிரலர்கள் நான்ஃபோரம் டூல்கிட் என்று ஒரு ஃபங்ஷன் தொகுப்பை உருவாக்கி, காப்புரிமை இல்லாமல் எல்லாருக்கும் கொடுத்தாங்க. ஒவ்வொரு ஃபங்ஷனின் மூல நிரலிலும் மேலே கமென்ட்டாக விளக்கம் எழுதணும்: பேர் என்ன, எப்படி அழைப்பது, என்ன திருப்பித் தரும், ஓர் உதாரணம். ஒரு சின்ன நிரல் அதையெல்லாம் பொறுக்கி எடுத்து என்ஜி கையேட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்துடும்.

அப்புறம் என்ன ஆச்சு? 1990-ல் நார்டன் நிறுவனத்தை சிமான்டெக் வாங்கியது. 1992-ல் நான்டக்கெட்டை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது. விண்டோஸ் வந்தது, டாஸ் போச்சு, கிளிப்பரும் ஓரங்கட்டப்பட்டது. ஆனால் 1999-ல் அன்டோனியோ லினாரெஸ் தொடங்கிய ஹார்பர் என்ற திறமூலத் திட்டம் கிளிப்பர் மொழியை மறுபடி எழுதியது. கிளிப்பர் என்றால் பாய்க்கப்பல், ஹார்பர் என்றால் துறைமுகம், பேரிலேயே விஷயம் இருக்கு பாருங்க :-) நான்ஃபோரம் டூல்கிட்டும் அந்தத் துறைமுகத்தில் வந்து சேர்ந்தது, அந்தக் கமென்ட் விளக்க முறையோடு சேர்த்தே.

இரண்டு நிறுவனமும் கைமாறிப் போனபின்னும் விளக்கம் பிழைத்ததுக்குக் காரணம், அது யாருடைய பெட்டிக்குள்ளும் பூட்டி இல்லை. மூல நிரலின் பக்கத்திலேயே, வெறும் எழுத்தாக இருந்தது. நிரலை நகலெடுத்தவர் எல்லாம் தெரிஞ்சோ தெரியாமலோ விளக்கத்தையும் காப்பாத்தினாங்க.

நிரல் எழுதுகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒண்ணே ஒண்ணு. அடுத்த ஃபங்ஷன் எழுதும்போது மேலே நாலு வரி எழுதி வையுங்க. இருபது வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் அதைத் திறப்பார். அப்போ அவருக்குக் கேட்க நீங்களோ உங்க கம்பெனியோ இருக்க மாட்டீங்க, அந்த நாலு வரிதான் இருக்கும்.