லண்டன் கண்டக்டரின் படிக்கட்டு

உடலை அசைத்து வேலை செய்கிறவன் நோய்நொடி இல்லாமல் இருப்பான் என்பது பழைய நம்பிக்கை. அதைப் பெரிய அளவில் எண்ணிக் காட்டியவை லண்டனின் மாடி பஸ்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு மரணங்கள் பெருகியபோது, ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் அதன் காரணத்தை மனிதர்கள் செய்யும் தொழிலில் தேடினார். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண் போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை அவரது குழு அலசியது. டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே டிப்போவில் தேநீர் குடித்தார்கள். ஆனால் டிரைவர் வேலை நேரம் முழுக்கக் கிட்டத்தட்ட உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் போட்டபடி மேல்தளத்துக்கு நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். 1953இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இதயநாள நோய் கண்டவர்கள் டிரைவர்களில் 2.7, கண்டக்டர்களில் 1.9. வந்த நோயும் கண்டக்டர்களை அவ்வளவு சீக்கிரம் சாகடிக்கவில்லை.

லண்டன் நெரிசலில் பஸ் ஓட்டும் மன அழுத்தமே டிரைவர்களைக் கொன்றிருக்கலாமே என்று கேட்கலாம். மாரிஸ் தபால் துறையையும் பார்த்தார். அங்கே ஸ்டியரிங்கும் இல்லை, நெரிசலும் இல்லை. ஆனாலும் நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களுக்கு நோய் குறைவு, மேசையில் இருந்தவர்களுக்கு அதிகம். இதைவிடக் கூர்மையான கேள்வி, பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே வந்தார்களோ என்பது. இதற்கான தடயம் சீருடைக் கணக்கில் கிடைத்தது. 1956இல் மாரிஸ் குழு வெளியிட்ட ஆய்வின்படி, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. தன் முடிவையே அசைக்கக்கூடிய இந்தச் சான்றை அவரே அச்சிட்டார். பிறகு ஒல்லியானவர், நடுத்தரம், பருமனானவர் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் திடீர் மரணம் டிரைவர்களிடமே கூடுதலாக இருந்தது. ஆக, உடல்வாகு ஒரு பங்கை விளக்கும், முழுவதையும் விளக்காது.

அப்படியென்றால் மூட்டை தூக்குகிறவர்கள் ஏன் நீண்ட நாள் வாழ்வதில்லை? வறுமை, புகை, விபத்து, ஓய்வின்மை ஆகியவை உழைப்பின் பலனைத் தின்றுவிடுகின்றன. எல்லா உழைப்பும் நன்மை என்று இந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது. சாதாரண வேலைநாளுக்குள் தானாகவே அமைந்த அசைவு உயிரைக் காக்கும் என்பதற்கு மட்டும் அது சான்று. கண்டக்டர் யாரும் ஆரோக்கியத்துக்காகப் படி ஏறவில்லை. காசு வாங்க ஏறினார்கள். பின்னாளில் டிரைவரே டிக்கெட் கொடுக்கும் முறை பரவி, 2005 டிசம்பரில் கண்டக்டருடன் ஓடிய ரூட்மாஸ்டர் மாடி பஸ்கள் வழக்கமான சேவையிலிருந்து விலக, அந்த வேலையும் அதோடு போனது. செலவைக் குறைக்க எடுத்த முடிவில் அந்தப் படிகளுக்கு யாரும் விலை போடவில்லை. மாரிஸே அதற்கு வெகு முன்பு, 1960களின் இறுதியில், அரசு அலுவலர்களின் ஓய்வுநேர உடற்பயிற்சியை ஆராயத் தொடங்கிவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலைகள் பெருகியபின் அசைவுக்கு மிஞ்சியது ஓய்வுநேரம்தான். தினமும் நடங்கள் என்று தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரை தவறல்ல. ஆனால் வேலையை வடிவமைப்பவர்களுக்கும் அதில் பாதி சேர வேண்டும்.