வயலைப் பாட்டில் எழுதி வைத்தவர்

வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்ததைச் சென்ற வாரம் சொன்னேன். மட்டக்களப்பு வாழ்க்கையைப் பதிவுசெய்யும் அந்த வேலையை அவர் உரைநடையில் செய்தார்; பெரியநீலாவணை ஆசிரியர் ஒருவர் செய்யுளில் செய்தார். கவிஞர் என்று ஒதுக்கிவிடுவதால் வரலாற்றுக்காரர் பட்டியலில் அவர் பெயர் வருவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

1931இல் பிறந்த சின்னத்துரை என்ற அந்த ஆசிரியர், ஊரின் பெயராலேயே நீலாவணன் ஆனார். கல்முனையில் எழுத்தாளர் சங்கம் கண்டார். ‘பாடும்மீன்’ இதழ் நடத்தினார். கல்முனைக்குடி எம். ஏ. நுஃமான் கவிதைக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவருடைய ‘வேளாண்மை’ காவியம் மட்டக்களப்புக் கரையின் வயல் வாழ்க்கையை அதன் பேச்சோடு பிடித்து வைத்தது. போடியார் (நிலவுடைமையாளர்), முல்லைக்காரன் (வயலைப் பார்ப்பவர்), வாடி (வயற்குடில்), களவெட்டி (சூடடிக்கும் களம்) என்று தனி உலகம் அது. அக்காலத்தில் அறுத்த கதிரைக் குவித்துச் சூடு வைப்பார்கள். பிறகு களவெட்டியில் பரப்பி, இரவிரவாக எருமைக்கடாக்களை வளையவிட்டு மிதிப்பிப்பார்கள். களத்துக்குள் நினைத்தபடி பேச முடியாதிருந்தது. நெல்லைப் பொலி என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. மற்றப் பொருள்களுக்கும் களத்துப் பெயர்கள் இருந்தன. கண்ணூறு பட்டு விளைச்சல் குறைந்துவிடும் என்ற பயம்!

இந்த வயல் உலகமும் மாறியது. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. உழவு இயந்திரம் வந்ததும் கடாக்கள் களத்தை விட்டுப் போயின.

களத்துப் பேச்சுக்கட்டுப்பாட்டை நினைக்கும்போது வேறொரு நாட்டின் வழக்கமும் நினைவுக்கு வருகிறது. நோர்வேயில் ஒட் நோர்ட்லான்ட் என்ற நாட்டாரியல் அறிஞர், பண்ணை வீடுகளில் பியர் வடிக்கும் வழக்கங்களை 1969இல் நூலாக்கினார். விவசாயிகள் எழுதியனுப்பிய விடைகள்தாம் அவருக்கு ஆதாரம். ஊறலில் ஈஸ்ட் இடும்போது சில ஊர்களில் உரக்கக் கத்துவார்களாம். அங்கே கத்தல், இங்கே பேச்சில் கட்டுப்பாடு. கெட்டுவிடக்கூடாதே என்ற கவலை இரண்டிலும் ஒன்றுதான்.

நீலாவணன் 1975இல், 43 வயதில் காலமானார். ‘வழி’ கவிதைத் தொகுதி அடுத்த ஆண்டு வந்தது. ‘வேளாண்மை’ முற்றுப்பெறவில்லை, இருந்ததை மூதூர் வ. அ. இராசரத்தினம் 1982இல் நூலாக்கினார். கதை முடிவைத் தேடுபவருக்கு ஏமாற்றம்தான். போடியார் முற்றத்தில் என்ன பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று தேடுபவருக்கு அந்த அரைக் காவியமே போதும்.

(தொடரும்)