விண்மீன் ஒளியை அளந்த கதை: நுங்கம்பாக்கம் முதல் அகச்சிவப்புத் தொலைநோக்கி வரை

விண்வெளித் தொலைநோக்கியில் உள்ள அகச்சிவப்புக் கருவி, விண்மீனின் பொலிவை நேரடியாகச் சொல்வதில்லை. உணரியில் தோன்றும் மின்சைகையை ஓர் எண்ணாக மாற்றி அனுப்புகிறது, அவ்வளவே. அந்த எண்ணில் கருவியின் சொந்த வெப்பமும் கலந்திருக்கும். ஒளியே படாதபோது உணரியில் ஊறும் மின்னோட்டமும் சேர்ந்திருக்கும். இவற்றைக் கழித்த பிறகு, பொலிவு முன்பே தெரிந்த ஒரு விண்மீனை நோக்கி, கருவி தரும் எண்ணை அதனுடன் ஒப்பிட வேண்டும். இதுவே அளவுத்திருத்தம். கடைக்காரரின் தராசு எவ்வளவு நுட்பமானதாயினும் முத்திரையிட்ட எடைக்கல் இல்லாமல் பயன்படாது. வானியலில் அந்த எடைக்கல்லே ‘நியம விண்மீன்’ எனப்படுகிறது.

விண்மீன்களின் பொலிவைக் குறிக்க இன்றும் பயன்படும் ஒளிப்பொலிவெண் அளவுகோலுக்கு உறுதியான விகிதத்தை வகுத்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். சென்னை நுங்கம்பாக்கத்தில் 30 ஆண்டுகள் பணிபுரிந்து இங்கேயே மறைந்தவர் அவர்.

கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை முதல் தரம் தொடங்கி ஆறாம் தரம் வரை பிரிக்கும் வழக்கம் பண்டைய கிரேக்கர்களுடையது. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. 1856இல் ஆக்ஸ்போர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த போக்சன், ஐந்து தரங்களின் வேறுபாடு நூறு மடங்கு என்று கொள்ளலாம் என முன்மொழிந்தார். அப்படியானால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. மடக்கைக் கணக்குக்கு வசதியான எண் என்பதும் இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். சிறுகோள்கள் எந்த மாதத்தில் எவ்வளவு பொலிவுடன் தெரியும் என்று முன்கூட்டிக் கணிப்பதற்காகவே இந்த விகிதம் அவருக்குத் தேவைப்பட்டது.

1861இல் அவர் சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளராகப் பொறுப்பேற்றார. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட ஆய்வகம் அது. இன்று அந்த வளாகத்தில் மண்டல வானிலை மையம் இயங்குகிறது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் அங்கு எஞ்சியிருக்கிறது. வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய நான்கையும் பின்னர் இங்கிருந்தே கண்டறிந்தார்.

ஆய்வகத்தின் முதன்மை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் இவர் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீனின் பொலிவு மாறுவதைக் கண்டுபிடித்தார். இந்த விண்மீன் லண்டனில் உதிப்பதே இல்லை. சென்னையிலும் அது அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகைக்கு மேல் எழாது. அவ்வளவு தாழ்வான விண்மீனின் ஒளியைக் காற்றுமண்டலம் வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே அருகிலேயே, ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ள, பொலிவு மாறாத விண்மீன்களுடன் ஒப்பிட்டால்தான் மாறுவது விண்மீனா காற்றா என்று சொல்ல முடியும். நியம விண்மீனின் தேவை அந்த ஒப்பீட்டிலேயே அடங்கியிருக்கிறது. 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. வெள்ளி சூரியனைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலையும் எழுதினார். 1880இல் மறைந்தார்.

அளப்பதில் இருந்த வேகம் அச்சிடுவதில் இல்லை. ரகுநாதாச்சாரியின் மறைவுக்குப் பின் ஆள் பற்றாக்குறை கூடியது. போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் 150 ரூபாய் சம்பளத்தில் உதவியாளராக உழைத்தார். ஆனாலும் 1891இல் போக்சன் இறந்தபோது பெரும்பகுதி அளவீடுகள் கையெழுத்தேடுகளிலேயே கிடந்தன. 5,303 விண்மீன்களின் அட்டவணையை அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித் வெளியிட்டார். மாறும் விண்மீன்கள் 31 பற்றிய போக்சனின் குறிப்புகள் 1908இல்தான் இங்கிலாந்தில் அச்சேறின. பிறர் சரிபார்க்க முடியாதபடி பெட்டியில் உறங்கும் அளவீட்டை முழுமையான அளவீடு என்று சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது.

போக்சனின் விகிதம் இடைவெளியை மட்டுமே தரும். சுழியம் எங்கே என்பதைச் சொல்லாது. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடம் வேகா விண்மீனுக்குக் கிடைத்தது. நம் மரபில் அபிஜித் எனப்படும் இந்த விண்மீன் வெண்மையானது, பிரகாசமானது, சுமார் 25 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. சூடான பொருளின் கதிர்வீச்சு எந்த அலைநீளத்தில் எவ்வளவு இருக்கும் என்ற விதி தெரியும் என்பதால், அகச்சிவப்பிலும் இதன் பொலிவைக் கணக்கிட்டுவிடலாம் என்று நம்பினார்கள்.

அகச்சிவப்பைத் தரையிலிருந்து அளப்பது கடினம். காற்றிலுள்ள நீராவி பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, தொலைநோக்கியே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. மே மாதத்தில் மொட்டைமாடித் தரை இரவிலும் தகிக்குமே, அதன்மேல் வெப்பமானியை வைத்துக் காற்றின் வெப்பத்தை அளப்பதற்கு ஒப்பான வேலை இது. 1983 ஜனவரி 25 அன்று அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் இணைந்து ஏவிய ஐராஸ் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்ததற்குக் காரணம் இதுவே. (1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது மசூலிப்பட்டினத்தில் போக்சன் கண்ட மஞ்சள் கோடு, ஹீலியத்துக்கு உரியது என்று பின்னர் உறுதியானது.) அந்தக் குளிரூட்டி பத்து மாதத்தில் தீர்ந்தது, அதற்குள் வானத்தின் பெரும்பகுதி அளக்கப்பட்டுவிட்டது.

ஐராஸின் அளவுத்திருத்தத்துக்காக வேகாவை நோக்கியபோது சிக்கல் எழுந்தது. 12 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கணக்கு ஒத்துவந்தது. 60, 100 மைக்ரோமீட்டரில் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு ஒளி வந்தது. கருவிப் பிழை என்றால் மற்ற விண்மீன்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஹார்ட்மட் ஆமனும் ஃபிரெட் கில்லெட்டும் ஆராய்ந்து, வேகாவைச் சுற்றி குளிர்ந்த தூசு வளையம் இருப்பதைக் காட்டினர். எடைக்கல்லிலேயே மண் ஒட்டியிருந்தது என்று சொல்லலாம். கோள்கள் உருவாகும் சூழலுக்கான சான்றாக அது கொண்டாடப்பட்டதால், நியம விண்மீன் ஒன்று நீண்ட அலைநீளங்களில் கைவிட்டதைப் பலரும் மறந்துவிட்டனர்.

அப்படியானால் 100 மைக்ரோமீட்டரில் எதை நம்புவது? ஐராஸ் குழு சிறுகோள்களை நாடியது. ஒரு சிறுகோளின் அளவும் சூரியனிலிருந்து அதன் தொலைவும் தெரிந்தால், அது வெளியிடும் வெப்பத்தைக் கணிக்கலாம். 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் தொலைநோக்கியும் செரஸ், பல்லாஸ், வெஸ்டா, லுட்டீசியா ஆகியவற்றை இப்படிப் பயன்படுத்தியது. போக்சன் எவற்றின் பொலிவைக் கணிக்கத் தன் விகிதத்தை வகுத்தாரோ, அந்தச் சிறுகோள்களே எடைக்கற்களாகிவிட்டன.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எந்த ஒரு விண்மீனையும் தனித்து நம்புவதில்லை. வெண்குறு விண்மீன்கள், வேகா வகையைச் சேர்ந்த வெண்ணிற விண்மீன்கள், சூரியனை ஒத்தவை என மூன்று வகைகளையும் நோக்கி, ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கின்றனர். 7 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்கப்படும் அதன் இடை அகச்சிவப்புக் கருவியில், நீண்ட அலைநீள ஒளி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பதிவாவது 2023இல் தெரியவந்தது. நியம விண்மீன்களை மீண்டும் மீண்டும் நோக்கி, குறைவின் அளவைக் கணித்து, பழைய அளவீடுகளையும் அதற்கேற்பத் திருத்தினர்.