சேர்வராயன் மலையும் விட்டுப்போன வருஷங்களும்

1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிச் செடியையும் ஆப்பிள் முதலிய கனிமரங்களையும் கொண்டுவந்து பயிராக்கினார். அவர் வைத்த காப்பியைப் பின்பற்றித் தோட்டங்கள் பெருக, சமவெளி வெயிலில் சோர்ந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களும் அம்மலைமேலுள்ள ஏற்காட்டைத் தங்கள் ஓய்விடங்களுள் ஒன்றாக்கிக்கொண்டார்கள். சரீரம் தளர்ந்தாலும் மனம் தளர்ந்தாலும் அவர்களுக்கு அது 'ஹவா மாற்றம்' என்ற கௌரவமான பெயரையே பெற்றது. குளிரில் இளைப்பாறிய துரை கீழே இறங்கியபோது அவருடைய நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. இடையில் கழிந்த மாதங்களுக்கு ரஜா என்று பெயர். இந்தச் சலுகையில் நூறில் ஒரு பங்குகூட, சித்தம் கலங்கித் தெளிந்த நம்மவர்க்கு அக்காலத்தில் கிட்டியதில்லை.

மலையாளிகள் என்று வழங்கப்படும் இம்மலையின் குடிகளிடையே (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது) வேலை என்பது சாமை விளையும் கொல்லையும், பழம் பழுக்கும் பருவத்தில் காப்பித் தோட்டமுமாக இருந்தது. அன்றாடக் கூலிக்குப் பழம் பறிக்க வந்து நிற்பவனிடம், சென்ற மூன்று வருஷம் நீ எங்கே இருந்தாய் என்று விசாரிப்பதில் மேஸ்திரிக்கு ஒரு லாபமும் இல்லை. கூடை நிரம்புகிறதா என்பதே அவன் கவலை. இதைக் கொண்டு பழங்காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். வராத நாளுக்குக் கூலி கிடையாது. வியாதிக்கு விபூதியும் நேர்த்திக்கடனும் உண்டே தவிர, மருந்து கிடையாது.

மருந்து என்ற பெயரால் அரசாங்கம் அமைத்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் திறந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியை. ஒருவனை அங்கே சேர்ப்பதற்கு 1858-ஆம் வருஷத்துச் சட்டமும், அதன் பின் 1912-ஆம் வருஷத்துச் சட்டமும் விரிவாக வழி வகுத்தன. வெளியே வந்தவன் எவ்வாறு பிழைப்பது என்பதைப் பற்றி அவை கவலைப்படவில்லை. இத்தனைக்கும், உழைப்பு மனத்தைச் சீராக்கும் என்ற கொள்கை இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் க்வேக்கர் சமயத்தார் 1796-இல் நிறுவிய இல்லத்திலிருந்து பரவி, இந்தியக் காப்பகங்களிலும் தோட்டவேலையாகவும் நெசவாகவும் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் மதிலுக்குள்ளே தறியில் அமர்ந்து கழித்த வருஷங்களை மதிலுக்கு வெளியே எந்த முதலாளியும் அனுபவமாக ஏற்கவில்லை. ஆஸ்பத்திரியின் பெயர் 1922-இல் மாற்றப்பட்டும், 'உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பவேண்டும்' என்ற ஏச்சு தமிழ்நாடு முழுவதும் நிலைத்துவிட்ட பிறகு, அங்கிருந்து மீண்டவன் எந்த வாசலில் நின்று தன் சரித்திரத்தைச் சொல்வான்?

1950-களில் புதிய மருந்துகள் வந்தபின், வீடு திரும்பத் தக்கவர்களின் தொகை பெருகியது; பிரச்னையும் அப்போதுதான் முழு உருவம் கொண்டது. அதைக் கண்டு விடாமல் பற்றிக்கொண்டவர் டாக்டர் சாரதா மேனன். 1961-இல் கீழ்ப்பாக்கத்தின் முதற்பெண் சூப்பரின்டெண்டாகப் பொறுப்பேற்று 1978 வரை அப்பதவியில் இருந்த அவர், குணமடைகிறவர்களைத் தொழில் பழக்குவதைச் சிகிச்சையின் அங்கமாகவே வளர்த்தார். ஓய்வுக்குப்பின் 1984-இல் சென்னையில் ஸ்கிஸோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்' தோன்றக் காரணமானார். நோயின் லக்ஷணங்கள் அடங்குவதோடு மருத்துவன் கடமை தீர்ந்துவிடவில்லை, காலையில் எழுந்து போவதற்கு ஓரிடமும் மாதக் கடைசியில் கையில் நாலு காசும் வேண்டும் என்ற நோக்கு அந்தப் பணியில் தெளிவாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டியவர்களைவிட இதனைக் கண்டவரையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டமும் மெதுவாகவே வந்து சேர்ந்தது. தோட்டங்களையும் பெயர் சொல்லி உட்படுத்திய 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், வியாதியால் நேர்ந்த தடை தொடர்ச்சியான ஊழியத்தை முறிக்காது என்று வகுத்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்து, அரசாங்க வேலைகளில் ஒதுக்கிய நான்கு சதவீதத்தில் ஒரு சதவீதத்தை மனநோய், ஆட்டிசம் முதலிய சில வகையினர்க்குப் பொதுவாக வைத்தது. ஊழியத்திலிருக்கையில் இத்தகைய நிலை எய்திய அரசு ஊழியரை அதன் காரணமாக நீக்கலாகாது என்றும் விதித்தது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியின் வியாதி விவரம் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. இவையெல்லாம் நல்லவையே, ஆயினும், ஏற்கெனவே வேலையிலிருப்பவனுக்கும் அரசாங்கப் பரீக்ஷை எழுதக்கூடியவனுக்கும் இவை பயன்படும் அளவுக்கு, ஐந்து வருஷம் வீட்டில் முடங்கிவிட்டுத் தனியார் ஒருவரிடம் புதிதாக வேலை கேட்டுப் போகிறவனுக்குப் பயன்படுவதில்லை. விண்ணப்பத்தில் காலியாகக் கிடக்கும் அந்த வருஷங்களுக்கு அவன் பொய் சொன்னால் பின்னால் அச்சம், மெய் சொன்னால் அப்போதே கதவடைப்பு.

இன்று ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களோடு விடுதிகளும் உணவகங்களும் நாற்றுப் பண்ணைகளும் நிறைந்திருக்கின்றன. பண்டிகைக் கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று நொந்துகொள்ளும் முதலாளிகளும் அநேகர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனநோயிலிருந்து மீண்ட ஒருவர் வந்து நின்றால், கழிந்த வருஷங்களைத் துருவாமல், ஒரு மாதம் வேலை கொடுத்துப் பாருங்கள், மருந்து வாங்கப் போகும் நாளுக்கு விடுப்புக் கொடுங்கள், பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கிற கூலியை ஒரு காசு குறையாமல் அவருக்கும் கொடுங்கள்.