கட்டுமரத்தின் விலையும் கட்டிக்காக்கும் செலவும்

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. வாங்குவது ஒரு நாள் செலவு; வைத்துக் காப்பாற்றுவது ஆயுள் முழுவதுக்குமான செலவு என்பதே அந்தக் கேள்வியின் பொருள். யானைக்குப் பொருந்தும் இந்த உண்மை படகுக்கும் அப்படியே பொருந்தும். அதிலும் 'கேட்டமரான்' என்று இன்று உலகமெங்கும் அழைக்கப்படும் இரட்டை உடல் படகின் வரலாற்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கணக்குதான் கண்ணில் படுகிறது.

சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கு விரைவுப் படகில் சென்றவர்களில் பலர், தெரிந்தோ தெரியாமலோ, இரட்டை உடல் படகில் பயணம் செய்தவர்கள்தாம். லங்காவித் தீவின் படகுத்துறைகளில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பாய்மரக் கேட்டமரான்களையும் பலர் வியந்து பார்த்திருப்பார்கள். ஓய்வு பெற்றபின் வீட்டை விற்று, சேமிப்பையும் சேர்த்து இப்படி ஒரு படகு வாங்கி உலகைச் சுற்ற வேண்டும் என்பது மேல்நாட்டவர் பலரின் கனவு. அக்கனவோடு கிளம்பியவர்களில் சிலர் பாதி வழியில் படகை விற்றுவிட்டுத் திரும்புகிறார்கள். புயலுக்குப் பயந்து அல்ல. மாதாமாதம் வரும் செலவுச் சீட்டுகளுக்குப் பயந்து!

கடற்கரையில் தொடங்கிய கணக்கு

'கேட்டமரான்' என்பது நம் 'கட்டுமரம்' என்ற சொல்லே. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தமது உலகப் பயண நூலில், சோழமண்டலக் கடற்கரை மக்கள் இலேசான மரங்களால் ஆன மிதவையை இப்பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதினார். ஆங்கில வாசகர்களுக்கு இச்சொல்லைப் பரவலாக அறிமுகப்படுத்தியது அந்நூல்தான்.

ஆனால், தமிழனின் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் கிடையாது. எடை குறைந்த சில மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினால் அதுவே கட்டுமரம். மரங்களின் எண்ணிக்கையும் நீளமும் இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர் உள்ளே வரும், அப்படியே வழிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையாத காலத்தில், பெரிய படகுகளும் கடக்கத் தயங்கிய அலைகளைத் தாண்டிக் கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுசேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்களே.

இதைச் சொந்தமாக வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? மரம் வாங்க வேண்டும், செதுக்க ஆள் வேண்டும், கட்டக் கயிறு வேண்டும், துடுப்பும் பாயும் வேண்டும். அதோடு முடியவில்லை. கடலில் ஊறிய மரம் கனத்துவிடும். ஆகையால், கரைக்குத் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரவிடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்ட வேண்டும். கயிறு தேயும், மரம் அரிக்கும், சில ஆண்டுகளில் மரத்தையே மாற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வலைதான். நைலான் வருவதற்கு முன்பு பருத்தி நூல் வலைகளே புழக்கத்தில் இருந்தன. உப்புத் தண்ணீரில் அவை சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால், மரப்பட்டைச் சாற்றில் அடிக்கடி தோய்த்துக் காயவைக்க வேண்டும். கிழிந்ததைப் பின்னிக்கொண்டே இருக்க வேண்டும். கடலுக்குப் போகாத நாளிலும் மீனவனுக்கு வேலை ஓயாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் செலவை ஈடுகட்ட அம்மக்கள் கண்ட வழி 'பங்கு' முறையாகும். மீன் விற்ற பணத்தில் பொதுச் செலவைக் கழித்துவிட்டு, உழைத்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். அத்துடன் மரத்துக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் உடைமையாளருக்குக் கூடுதல் லாபம் போலத் தோன்றும். உண்மையில், தேய்ந்துபோகும் மரத்தையும் வலையையும் மாற்றுவதற்கான பணம் அந்தப் பங்கிலிருந்துதான் வரவேண்டும். இன்றைய கணக்காய்வாளர்கள் 'தேய்மானம்' என்று எழுதிவைக்கும் தொகை, பள்ளிக்கூடம் போகாத மக்களின் கடற்கரைக் கணக்கில் அன்றே இருந்தது.

மீன்பாடு குறைந்த காலத்தில் அந்தப் பங்கும் வயிற்றுக்கே போய்விடும். பிறகு வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற வேண்டும். பெற்றவர் பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். பராமரிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொட்ட குடும்பம், தன் மீனுக்குத் தானே விலை சொல்லும் உரிமையை இழந்துவிடும்.

பெயர் நம்முடையது, வடிவம் பசிபிக்கினுடையது

இரண்டு உடல்களை இணைத்துக் கட்டும் கலையில் கைதேர்ந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பொலினீசிய மக்கள். இரட்டைத் தோணிகளில் அவர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து தீவுகளில் குடியேறினார்கள். அத்தகைய பெருந்தோணி தனி மனிதரின் சொத்தாக இருக்கவில்லை. தலைவனின் பொறுப்பில், தச்சர்களுக்கு மாதக்கணக்கில் உணவளித்து, ஊரே சேர்ந்து கட்டியது அது. செலவு பெரியது என்பதால் சுமப்பவர்களும் பலராக இருந்தார்கள்.

மேல்நாட்டார் இந்த வடிவத்தைப் பின்னாளில் கையில் எடுத்தபோது, கட்டுமரத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தேனியல் ஹெரஷாஃப் 1876ஆம் ஆண்டு 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் போட்டியில் இறக்கினார். அது மற்றப் படகுகளைப் பின்னுக்குத் தள்ளியது. பரிசு கிடைத்ததா? இல்லை. தோற்றவர்கள் முறையிட, அது தகுதியற்றதாக்கப்பட்டது. அதன் பிறகு வழக்கமான போட்டிகளின் கதவு இவ்வகைப் படகுகளுக்குச் சாத்தப்பட்டது.

செலவுக் கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். போட்டியில் சேர முடியாத படகை யார் வாங்குவார்? வாங்கியவர் யாரிடம் விற்பார்? ஒரு படகின் முழுச் செலவில் மறுவிற்பனை மதிப்பும் அடங்கும். அந்த மதிப்பு இல்லாத காரணத்தால், நல்ல வடிவம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1947ஆம் ஆண்டு ஹவாயில் வூடி பிரவுனும் நண்பர்களும் 'மானு காய்' படகைக் கட்டிய பிறகே அதற்குப் புது வாழ்வு பிறந்தது.

கைச்செலவில் கடல் கடந்தவர்

குறைந்த செலவில் கேட்டமரான் வைத்திருக்கலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம். ஏழு மீட்டர் நீளம் கொண்ட 'தங்கரோவா' என்ற படகைத் தம் கையாலேயே எளிய முறையில் கட்டி, 1955-56இல் இரண்டு ஜெர்மானியப் பெண்களுடன் அட்லாண்டிக் கடலைக் கடந்து டிரினிடாட் தீவை அடைந்தார்.

கட்டும் செலவைச் சுருக்கலாம். கடல் விதிக்கும் வரியைச் சுருக்க முடியாது. வெப்பக் கடலில் மரந்துளைக்கும் புழுக்கள் தங்கரோவாவை அரித்துவிட்டன. வாரம் மனம் தளரவில்லை. டிரினிடாடிலேயே 'ரோங்கோ' என்ற பெரிய படகைக் கட்டி, 1959இல் அட்லாண்டிக்கின் வடபகுதி வழியாக நாடு திரும்பினார். 2021ஆம் ஆண்டு மறையும்வரை, சாதாரண மக்கள் தாமே கட்டிக்கொள்ளக்கூடிய படகுகளை வடிவமைத்து வந்தார். அவருடைய வடிவங்களில் பலவற்றில் குறுக்கு மரங்களும் உடல்களும் கயிற்றால்தான் பிணைக்கப்படுகின்றன. கட்டுமரத்தின் 'கட்டு' அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

எல்லாம் இரண்டு

புழுவுக்கு விடையாகக் கண்ணாடி இழை வந்தது. 1980களில் பிரெஞ்சு நிறுவனங்கள் குடும்பத்தோடு தங்கும் பெரிய கேட்டமரான்களைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கின. அகலமான தளம், சாயாத ஓட்டம், பல அறைகள் ஆகிய வசதிகளால் அவற்றுக்கு மவுசு கூடியது. கூடவே செலவும் இரட்டித்தது.

முதலில் இடம். 40 அடி நீளமுள்ள ஒற்றை உடல் பாய்மரப் படகு ஏறத்தாழ 4 மீட்டர் அகலம் இருக்கும். அதே நீளமுள்ள கேட்டமரானின் அகலம் 6.5 மீட்டரைத் தாண்டும். ஆகவே, படகுத்துறைகள் பலவற்றில் ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேல் வாடகை கேட்கிறார்கள். பழுதுபார்க்கக் கரையேற்ற வேண்டுமானால், அந்த அகலத்தைத் தூக்கும் பாரந்தூக்கி உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டும். அத்தகைய இடங்கள் குறைவு, கட்டணம் அதிகம்.

அடுத்து அடிப்பகுதி. பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கச் சிறப்புச் சாயம் பூச வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு பதித்துப் பார்த்ததும் இதே தொல்லைக்காகத்தான். கடலுயிர்களுக்குக் கேடு விளைவித்த வெள்ளீயச் சேர்மச் சாயத்தைத் தடைசெய்யும் அனைத்துலக உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடப்புக்கு வந்தது. இன்று பெரும்பாலும் செம்பு கலந்த சாயங்களே பயன்படுகின்றன. நம் வெப்பக் கடலில் பாசி வேகமாக வளரும். கேட்டமரானுக்கோ பூச வேண்டிய உடல்கள் இரண்டு.

இயந்திரங்களும் இரண்டு. எண்ணெய், வடிகட்டி, தண்ணீர்ப் பம்பு, உந்துவிசிறி அனைத்தும் இரண்டிரண்டு. இவை தவிர, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்று காப்புறுதி நிறுவனங்கள் பல எதிர்பார்க்கின்றன. பாய்களும் மின்கலங்களும் அதற்கு முன்பே தேயும். உயிர்காப்பு மிதவையைக் குறித்த காலத்தில் சோதனைக்கு அனுப்ப வேண்டும். காப்புறுதிக் கட்டணம் ஆண்டுதோறும் வரும்.

இவற்றையெல்லாம் சேர்த்து, படகு விலையில் பத்து விழுக்காட்டை ஆண்டுச் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு படகுக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எடுத்துக்காட்டாக, 10 லட்சம் வெள்ளிக்குப் படகு வாங்கியவர் ஆண்டுக்கு 1 லட்சம், அதாவது மாதம் 8,300 வெள்ளிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பத்தாண்டுகளில் அவர் இன்னொரு படகின் விலையைச் செலவழித்திருப்பார்.

பழைய படகை மலிவாக வாங்கினால் தப்பிக்கலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பராமரிப்புச் செலவு படகின் நீள அகலத்தைப் பொறுத்தது. கொடுத்த விலையைப் பொறுத்ததன்று. இருபது வயதான படகைப் பாதி விலைக்கு வாங்கினாலும், அதற்குப் புதுப் பாய் தைக்க முழுப் பணம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே, பத்து விழுக்காட்டை அதே அளவுள்ள புதுப் படகின் விலைக்குக் கணக்கிடுவதே அறிவுடைமை.

இலவசப் படகுக்கும் செலவு உண்டு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் ஆயிரக்கணக்கான கட்டுமரங்களை அடித்துச் சென்றது. உலகெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. கட்டுமரத்தை இழந்த பலருக்குக் கண்ணாடி இழைப் படகும் அவுட்போர்டு இயந்திரமும் கிடைத்தன. கொடுத்தவர்களின் நல்ல உள்ளத்தில் குறை காண்பதற்கில்லை.

ஆனால், துடுப்புக்கும் பாய்க்கும் எரிபொருள் தேவையில்லை. இயந்திரத்துக்கு நாள்தோறும் தேவை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எண்ணெய்க்குப் பணம் கொடுத்தாக வேண்டும். உதிரிப் பாகத்துக்கு நகரத்துக்குப் போக வேண்டும். உடைந்த மரத்தை ஊர்த் தச்சர் சரிசெய்வார். கண்ணாடி இழைக்கு வேறு பயிற்சி வேண்டும். சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் வந்து சேர்ந்ததும் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. புதுப் படகு வேகமாக ஓடியது, தூரம் போனது, கரையேறும் பாடும் குறைந்தது. அதே வேளையில், இலவசமாக வந்த படகை ஓட்டக் கடன் வாங்க வேண்டிய நிலையும் பலருக்கு ஏற்பட்டது.

லங்காவியில் நிற்கும் உல்லாசப் படகின் உரிமையாளருக்கும், நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்துக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னவர் கணக்குத் தவறினால் ஒரு கனவை விற்பார். பின்னவர் கணக்குத் தவறினால் வீட்டில் அடுப்பு எரியாது. என்றாலும், கணக்கு ஒன்றேதான்.

படகோ, காரோ, வீடோ, எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதிப் பார்க்கலாம். இன்று ஒரு முறை கொடுப்பது எவ்வளவு? ஆண்டுதோறும் கொடுப்பது எவ்வளவு? பத்தாண்டுக்கு ஒரு முறை வந்து நிற்கும் பெருஞ்செலவு எவ்வளவு? விலைச்சீட்டில் முதல் பட்டியல் மட்டுமே இருக்கும். மற்ற இரண்டையும் வாங்குபவர்தான் எழுத வேண்டும். பிடித்த மீனில் மரத்துக்கும் ஒரு பங்கு, வலைக்கும் ஒரு பங்கு என்று முதலிலேயே எடுத்து வைத்த கட்டுமரக்காரர் அதை மணலில் உட்கார்ந்தே எழுதிவிட்டார்.